தட்டைப் பிரிக்க வேண்டாம்!



"அவருக்கு மஞ்சள் காமாலையாம்" என்ற செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் என்னென்ன நடக்கின்றன என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகப் பிரிக்கப்படும். அடுத்து எண்ணெய், உப்பு, காரம் எல்லாம் நிறுத்தப்பட்டு, மோர்ச் சோறு மட்டும் என்று பத்தியம் தொடங்கும். பிறகு, எந்த ஊரில் எந்தக் கிழமை வெறும் வயிற்றோடு போனால் மருந்து கொடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு முகவரி சொல்வார்கள். சில வாரங்களில் கண்ணில் மஞ்சள் மறைந்துவிட்டால், "நோய் போய்விட்டது" என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள்.

இவை எல்லாம் அக்கறையினால் செய்யப்படுபவையே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அக்கறை சரியான இடத்தில் செலவாகின்றதா? பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்து, இடையில் நோயாளியைத் தனியாளாக்கி விடுகிறோம் என்பது என் கருத்து. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் இந்தப் பிரச்சினையில் பாதி, அளவிடுதல் பற்றியது. எதை அளந்து எதை முடிவு செய்கிறோம் என்பது பற்றியது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

மஞ்சள் ஒரு முள் மட்டுமே

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் உடைந்து, பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் இதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தநீருடன் குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் வீங்கி நலிந்தால் இந்த வேலை தடைப்படுகிறது. பிலிரூபின் இரத்தத்திலேயே தேங்குகிறது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும், மலம் வெளிறிவிடும், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும்.

ஏன் மஞ்சள்? பிலிரூபின், ஏறத்தாழ 450 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியை நன்றாக உட்கவர்கிறது. வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தைக் கழித்தால் நம் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சள். ஆகவே ஒருவருடைய கண் மஞ்சளா என்பதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் சோடியம் விளக்கின் அடியில் நின்றால், நலமாக உள்ளவரும் காமாலைக்காரர் போலத்தான் தெரிவார்.

இரத்தத்தில் பிலிரூபின் 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. ஆனால் அது 2 அல்லது 3 மில்லிகிராமைத் தாண்டினால்தான் நம் கண்ணுக்கு மஞ்சள் புலப்படும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கையாளும் ஆம்மீட்டரை நினைத்துப் பாருங்கள். சிறிய மின்னோட்டத்துக்கு அசையாத முள்ளைப் பார்த்து, "மின்னோட்டமே இல்லை" என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? நம் கண்ணும் அப்படி ஒரு நுட்பம் குறைந்த கருவிதான். மேலும் அது பிலிரூபினைத்தான் காட்டும், வைரஸைக் காட்டாது.

பிறந்த குழந்தைக்குக் காமாலை வந்தால் நீல விளக்கின் கீழ்ப் படுக்க வைக்கிறார்கள். இங்கிலாந்தில் கிரெமரும் அவருடைய துணைவர்களும் 1958இல் வெளியிட்ட முறை இது. ஒளி பட்டதும் தோலிலுள்ள பிலிரூபின், உடல் எளிதில் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. அங்கே மிகுதியான பிலிரூபினே குழந்தையின் மூளைக்கு ஆபத்து. ஆகவே அதைக் குறைப்பதே சிகிச்சை. வைரஸால் கல்லீரல் நலிந்தவருக்கு இது பொருந்தாது. அவரிடம் மஞ்சளைக் குறைப்பது, முள்ளை விரலால் பிடித்துத் தள்ளுவது போன்றது.

ஒரே பெயர், வெவ்வேறு நோய்கள்

காமாலை என்பது ஓர் அடையாளம். அதன் பின்னால் பித்தப்பைக் கல் இருக்கலாம், மது இருக்கலாம், சில மருந்துகளின் தீங்கு இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களே ஐந்து வகை: ஏ, பி, சி, டி, இ. இவை பரவும் வழியை வைத்து இரண்டு கூட்டங்களாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏ, இ ஆகியவை வாய்வழியே வருபவை. நோயாளியின் மலத்திலுள்ள வைரஸ் குடிநீரிலோ உணவிலோ கலந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போகிறது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததே காரணம். அது ஹெபடைடிஸ்-இ என்பது பல ஆண்டுகளுக்குப் பின்புதான் தெரிந்தது. 1983இல் சோவியத் விஞ்ஞானி பலாயன், நோயாளிகளின் மலத்திலிருந்து பிரித்த கரைசலைத் தானே அருந்தி, தனக்கு நோய் வந்த பிறகு இந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். (இது பின்பற்றத்தக்க சோதனை அல்ல!)

எங்கள் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், கரும்புச்சாற்று வண்டி என எல்லாம் உண்டு. இத்தனை பேருக்கும் கழிப்பறை, இத்தனை பேருக்கும் சுத்தமான நீர் என்பது பெரிய ஏற்பாடு. இதில் ஒரு சிறு இயற்பியலும் இருக்கிறது. குழாயில் நீர் பாயும்போது உள்ளே அழுத்தம் அதிகம். விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நீர் விடுவதை நிறுத்தியதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது அருகில் தேங்கிய சாக்கடை நீர் அதே விரிசல் வழியாக உள்ளே நுழையும். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோமே, அது இந்த அழுத்தத்தை இன்னும் குறைக்கிறது. நம் வீட்டுத் தொட்டி நிறைகிறது. தெருவுக்கே நோய் வர வழி திறக்கிறது.

இந்தக் கூட்டத்துக்குத் தடுப்பு, கொதிக்க வைத்து ஆற்றிய நீரும் சோப்பும்தான். ஹெபடைடிஸ்-ஏ நோயாளியிடமிருந்து வைரஸ் மிகுதியாக வெளியேறுவது, கண் மஞ்சளாவதற்கு முந்திய நாட்களிலேயே. நாம் தட்டைப் பிரிக்கும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் வீட்டில் எல்லோரும் சோப்பிட்டுக் கை கழுவினால் அது தனித்தட்டைக் காட்டிலும் எவ்வளவோ மேல். நோயாளி சில வாரங்கள் பிறருக்குச் சமைக்காமல் இருந்தால் போதும்.

பி, சி, டி ஆகியவை இரத்தத்தின் வழியே பரவுபவை. பி வகை, உடலுறவின் மூலமும், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் கூடப் பரவுகிறது. டி வகை, பி உள்ளவரை மட்டுமே பற்றும். சேர்ந்து உண்பதாலோ, ஒரே டம்ளரில் நீர் அருந்துவதாலோ, தொடுவதாலோ, தழுவுவதாலோ, இருமலாலோ இவை பரவுவதில்லை. இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

காக்கையும் பனம்பழமும்

"நாட்டு மருந்து சாப்பிட்டார், மூன்று வாரத்தில் மஞ்சள் போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்பவர்கள் பலர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அவர்களுக்கு நினைவூட்டுவேன். ஏ, இ ஆகியவற்றால் வந்த காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் வேரைத் தின்றாலும், மந்திரித்துக்கொண்டாலும், சூடு வைத்துக்கொண்டாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

அப்படியானால் மூலிகை எல்லாம் பொய்யா? அதையும் சோதிக்காமல் சொல்லக்கூடாது. சோதித்தும் இருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையில்! சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ்-பி வைரஸை நெடுநாளாக உடலில் கொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு மருந்து போலவே தோன்றும் வெற்றுப் பொருளைக் கொடுத்தார்கள். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்புரதம் மறைந்திருந்தது. வெற்றுப் பொருள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்.

உலகம் மகிழ்ந்தது. ஆனால் அறிவியலில் ஒரு முறை கிடைத்தது போதாது. வேறொருவர் வேறோர் இடத்தில் செய்தாலும் கிடைக்க வேண்டும். தாய்லாந்தில் 1990இலும் நியூசிலாந்தில் 1994இலும் வெளியான ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ்-பி க்குக் கீழாநெல்லியை நம்பி இருக்கலாம் என்று சொல்லச் சான்று இல்லை. இதில் சென்னைக் குழுவினருக்கு எந்தக் குறைவும் இல்லை. நம்பிக்கையாகப் பேசப்பட்டதை எண்ணாக மாற்றி, மற்றவர்கள் சரிபார்க்கும்படி வைத்தார்கள். அதுவே அறிவியலின் வழி. "என் மாமாவுக்குக் குணமாயிற்று" என்பதற்கும், "37இல் 22, 23இல் 1" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் உணர்ந்தால் போதும்.

மஞ்சளே காட்டாத வைரஸ்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஹெபடைடிஸ்-பி வைரஸ் பச்சிளங் குழந்தையைத் தொற்றினால், 100இல் சுமார் 90 பேருக்கு அது உடலிலேயே நிலைத்துவிடுகிறது. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களில் 100இல் 5 பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. அவ்வாறு நிலைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்த அடையாளமும் தெரியாது. கண் வெள்ளையாகவே இருக்கும். சிலருக்கு மட்டும், உள்ளே கல்லீரல் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ்-பி உடனும், சுமார் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ்-சி உடனும் வாழ்ந்தனர். இவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது.

என் மாணவன் ஒருவன் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தான். தானமாக வரும் இரத்தம் ஒவ்வொன்றும் ஹெபடைடிஸ்-பி, சி உள்ளிட்ட நோய்களுக்காகப் பரிசோதிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவனை அழைத்து, "உனக்கு ஹெபடைடிஸ்-பி இருக்கிறது" என்றார்கள். அவனுக்கு வாழ்நாளில் ஒரு நாளும் காமாலை வந்ததில்லை. கால்பந்து ஆடுபவன். வீட்டில் சொன்னான். அன்று இரவே அவனுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். சின்னத் தங்கையை அவன் பக்கத்தில் உட்கார விடவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, "சார், நான் விடுதிக்குப் போய்விடட்டுமா? அங்கே யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்." தனித்தட்டு கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்தாரிடம் பேசினோம். மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வீட்டில் எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டனர். அப்போதுதான் அம்மாவுக்கும் அந்த வைரஸ் இருப்பது தெரிந்தது. பிறந்தபோதே அவனுக்கு வந்திருக்கக்கூடும். தங்கைக்கு இல்லை, அவள் குழந்தையாக இருந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்த அம்மாதான் எல்லோருக்கும் சமைத்துப் பிசைந்து ஊட்டியவர். அவர் கையால் உண்ட யாருக்கும் அந்த உணவால் நோய் வரவில்லை. தட்டைப் பற்றிய பயத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

பயம் எங்கே இருக்க வேண்டும்?

பயம் தேவைதான்; ஆனால் தட்டில் அல்ல, பிளேடில். ஹெபடைடிஸ்-பி வைரஸ், உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாட்கள் வீரியத்தோடு இருக்கும். ஆகவே சவரக் கத்தி, பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. இந்த விதி நோயாளிக்கு மட்டும் அல்ல, வீட்டில் எல்லோருக்கும்தான். ஏனெனில் யாரிடம் வைரஸ் இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை.

கோயில் ஊர்களில் இருக்கும் நாம் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மொட்டை போடும்போது புதிய பிளேடை நம் கண்ணெதிரே பிரித்துப் போடச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காது குத்தும்போது புதிய ஊசி கேளுங்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் ஊருக்கெல்லாம் பச்சை குத்துபவரிடம் கையை நீட்டாதீர்கள். முடிதிருத்தும் கடையில் பிளேடை மாற்றச் சொல்வது யாரையும் அவமதிப்பது ஆகாது.

அடுத்தது ஊசி. "ஒரு ஊசி போட்டால்தான் காய்ச்சல் போகும்" என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2009இல் குஜராத் மாநிலம் மொடாசாப் பகுதியில் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் உயிரிழந்தனர். ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் பயன்படுத்தியதுதான் அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. தேவையற்ற ஊசியைத் தவிர்ப்பதும், தேவைப்படும்போது புதிய ஊசியா என்று பார்ப்பதும் நம் உரிமை.

எல்லாவற்றுக்கும் மேலான காவல் தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட்டுவிட்டால், தாயிடமிருந்து தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இருக்கிறது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், மரபுப் பொறியியல் முறையில் இந்தத் தடுப்பு மருந்தை முதன்முதலாக இந்தியாவிலேயே தயாரித்தது. 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது அடக்கம். உங்களில் பலர் அதனால் காக்கப்பட்டவர்கள். உங்கள் பெற்றோரின் குழந்தைப் பருவத்தில் இந்த வசதி இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தால், மற்றவர்கள் பரிசோதித்துக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று தவணை. அதன் பின் தட்டைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியது இல்லை.

அருகில் இருப்பவர் செய்யக்கூடியவை

நோயாளிக்கு மருந்தை மருத்துவர் கொடுப்பார். மற்ற நேரம் முழுவதும் அவர் நம்மோடுதான் இருக்கிறார். அவருடைய பெரிய தொல்லை, சோர்வு. வெளியே பார்க்க நன்றாக இருப்பார். ஆனால் மாடிப்படி ஏறினால் களைத்துவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். நாள் முழுதும் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பதில்லை. உடல் கேட்கும்போது ஓய்வு, முடிகிறபோது சிறு வேலை என்பதே போதும். கடைக்குப் போவது, தண்ணீர் பிடிப்பது போன்ற வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குமட்டலும் பசியின்மையும். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டுக்குப் பதிலாக, ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். இட்லி, இடியாப்பம், பருப்புச் சோறு, பழம், விருப்பமிருந்தால் முட்டை, மீன் என்று எதுவும் உண்ணலாம். நலிந்த கல்லீரல் சீர்பட உணவு வேண்டும். பட்டினிப் பத்தியம் அவரை மேலும் மெலிய வைக்கும். எண்ணெய்ப் பலகாரம் குமட்டினால் அதை மட்டும் விடலாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்வார். அது அவர்களுக்கான அறிவுரை. எல்லோருக்கும் உப்பில்லாப் பத்தியம் என்று பொருள் அல்ல.

சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். குளிர்ந்த நீரில் குளிப்பது, தளர்ந்த பருத்தி ஆடை அணிவது, நகத்தைக் குறைத்து வெட்டிக்கொள்வது ஆகியவை உதவும். தூக்கம் வராமல் அரித்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கலாம்.

உணவைக் கண்டு அஞ்சுகிற நாம், உண்மையில் அஞ்ச வேண்டியவை மதுவும், கேட்காமல் வாங்கும் மாத்திரைகளும்தான். நலிந்த கல்லீரலுக்கு மது நேரடி நஞ்சு. பாரசிட்டமால் மாத்திரை கூட அளவை மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். நாட்டு மருந்தானாலும் கடை மருந்தானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. பேச்சில் குழப்பம், பகலில் நீங்காத தூக்கம், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வயிறு உப்புதல், எளிதில் இரத்தம் கசிதல் ஆகியவை அவை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அதுவே அவசரம். ஹெபடைடிஸ்-இ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும்.

நெடுநாள் வைரஸ் உள்ளவருக்கோ தேவை வேறு. மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தவறக் கூடாது. ஹெபடைடிஸ்-பி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்குத் தினம் ஒரு மாத்திரை வைரஸை அடக்கி வைக்கிறது. அதைத் தாமாக நிறுத்தினால் ஆபத்து. ஹெபடைடிஸ்-சி க்கோ சுமார் 12 வார மாத்திரையில் 100இல் 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. (ஜூலை 28 பிளம்பர்க்கின் பிறந்தநாள், உலக ஹெபடைடிஸ் நாளும் அதுவே.)

எச்சரிக்கையாக இருப்பது தவறா?

"எல்லாம் சரி, ஒரு டம்ளரைத் தனியே வைப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனிக் குவளை என்பது நம் தேநீர்க் கடைகளின் வரலாற்றில் எத்தனை மனிதர்களைக் காயப்படுத்திய பொருள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வலி ஒருபுறம் இருக்கட்டும், கணக்காகவே பார்ப்போம். தனி டம்ளர் தடுக்கும் தொற்று எவ்வளவு? ஹெபடைடிஸ்-பி யில் பூஜ்யம். அது விளைவிப்பது என்ன? அவமானத்துக்கு அஞ்சியவர் நோயை மறைப்பார். பல் மருத்துவரிடம் சொல்ல மாட்டார். பரிசோதனைக்குப் போக மாட்டார். திருமணத்தின்போது வாய் திறக்க மாட்டார். ஆகவே மனைவியோ கணவனோ தடுப்பூசி போட்டுக்கொள்ள வாய்ப்பில்லை. பிறக்கும் குழந்தைக்கு முதல் நாள் ஊசி எவ்வளவு அவசியம் என்பதும் மறைந்துபோகும். அதாவது, தொற்றைத் தடுப்பதாக எண்ணி வைத்த டம்ளர், தொற்று பரவத்தான் உதவி செய்கிறது. பயனற்ற எச்சரிக்கை தீங்கற்றது என்று நினைப்பது தவறு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சில சிறிய செயல்கள்தான். இன்று மாலை, உங்கள் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து ஹெபடைடிஸ்-பி தவணைகள் முழுமையா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீட்டில் பிரஷ், பிளேடு, நகவெட்டி ஆளுக்கொன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் வகுப்பில் யாராவது காமாலைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பினால், அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கும். அங்கே போய் உட்காருங்கள். விட்டுப்போன பாடங்களின் நோட்டைக் கொடுங்கள். அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று மெல்லக் கேட்டு, அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.